பிழாவும் போத்தலும்

விழா மலருக்குக் கட்டுரை வேண்டி வந்த பழைய மாணவர் சங்கத்து அன்பர்கள், சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு பொருள்பற்றி எழுதித் தருமாறு கேட்டனர். தமிழாசிரியனிடம் வேறென்ன கேட்பார்கள்! நானும் இசைந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தபொழுது, சங்க இலக்கியத்தின் ஓரிடத்தைப் பிழைபடக் கற்பித்து, அப்பிழையை நானே நம்பி, என் வீட்டுக் குசினியில் ஒரு வேலையைத் தொடங்கி, நள்ளிரவில் அயலையெல்லாம் எழுப்பிவிட்ட கதையே முன்வந்து நின்றது. அதை விலக்கிவிட்டு வேறொன்றை எழுத மனம் வரவில்லை.

பொருள் மதுவோடு சிறிது தொடர்புடையது. சைவ மணங் கமழும் கல்லூரியின் மலரில் இஃது எதற்கு என்று முகஞ் சுளிப்போர் இருப்பர். திருக்குறளின் 93 ஆம் அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பிப்பவன் நான். மதுவை வாயில் வைத்தறியாதவன். கசிப்பு எங்கள் பகுதிக் குடும்பங்களுக்குச் செய்யும் கொடுமையை, இரவு முழுதும் உறங்காது வந்து கடைசி வாங்கில் தலைசாய்க்கும் பிள்ளைகளின் முகத்திற் கண்டவன். ஆகவே அன்பர்கள் அஞ்சாது மேலே படிக்கலாம்.

பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளைக் கொண்டது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. தொண்டைமான் இளந்திரையனிடம் ஆற்றுப்படுத்துவது. அதில் வலைஞர் குடியிருப்பைப் பாடும் பகுதியில், வீட்டில் மது ஆக்கும் முறை சில அடிகளுள் நிரல்படச் சொல்லப்பட்டிருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்க வேண்டும். வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்ற வேண்டும். கறையான் புற்றின் உள்ளே காணப்படும் குரும்பியை ஒத்த ஓர் அடையை அதனோடு கலக்க வேண்டும். நெல்முளையை இடித்து ஆக்கிய அடை அது என்பது உரை. இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய, வல்வாயினை உடைய சாடியில் அது விளைந்து நிற்கும். பின் விரலால் அலைத்துப் பிழிந்து கொள்வர். சமையற் குறிப்பு எழுதுவோர் இப்புலவரிடம் பாடங் கேட்கலாம், அத்துணைச் செட்டு.

இப்பகுதியை 2022 ஆம் ஆண்டில் நம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் விளக்கினேன். ‘வல்வாய்’ என்பதற்கு வலிய வாய் என்பதே பொருள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பேச்சு வேகத்தில், "அஃதாவது காற்றுப் புகாவண்ணம் இறுக மூடிய சாடி" என்று என் சொந்தச் சரக்கையும் சேர்த்துவிட்டேன். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், இறுக்கி மூடினால் வெடிக்காதோ?" என்றான். அவையிற் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்து, "தம்பி, இலக்கியத்திலே இரசாயனம் தேடக்கூடாது, இரும்" என்றேன். அவன் இருந்துவிட்டான். அந்தக் கூட்டத்தில் அவன் பின்னர் வாய்திறக்கவில்லை. அதை அன்று நான் ஒரு பொருட்டாகக் கொள்ளவுமில்லை.

அடுத்த ஆண்டு தைப்பொங்கலுக்கு ரொறன்ரோவிலிருந்து என் பள்ளித்தோழர் ஒருவர் வந்தார். இக்கல்லூரியின் பழைய மாணவர். பரந்தன் முல்லைத்தீவு வீதியில், விசுவமடுச் சந்திக்கு அப்பால் உள்ள எங்கள் வளவில், மாமர நிழலிற் கதிரை போட்டு அமர்ந்து, அங்கே குளிர்காலத்தில் தமது பொழுதுபோக்கு யாதென்று சொல்லத் தொடங்கினார். அவர் வீட்டு நிலவறையில் பியர் வடிக்கிறார்! அவரைப் போன்றோர் இருபது பேர் கூடி ஒரு கழகமும் வைத்திருக்கின்றனர். மாதத்துக்கொருமுறை ஒவ்வொருவரும் தாம் ஆக்கியதைக் கொண்டுபோய் நடுவில் வைப்பாராம். மற்றவர்கள் சுவைத்துப் பார்த்து, "புளித்துவிட்டது", "சாடி கழுவவில்லை", "அவசரப்பட்டீர்" என்று முகத்துக்கு நேரே குறை கூறுவாராம். கவியரங்கங்களில் நாம் ஒருவரையொருவர் புகழ்வதை எண்ணிக்கொண்டேன்.

இங்கிலாந்தில் வீட்டுப் பாவனைக்குப் பியர் வடிக்க உரிமம் பெறவேண்டும் என்ற விதி 1963 வரை இருந்தது. அமெரிக்காவில் 1978 இற்றான் அதற்கு இசைவளிக்கும் சட்டம் வந்தது; அதற்கு முன்னரே, 1974 இல், லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் வீட்டு வடிப்போர் கழகம் ஒன்று தோன்றிவிட்டது. நம் நாட்டிலோ 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. உரிமமின்றி மது ஆக்குவது குற்றம். இதைச் சொன்னபோது தோழர் நகைத்து, "உம்மை யார் பியர் வடிக்கச் சொன்னது? பிள்ளைகளுக்கு இஞ்சிப் பியர் செய்து கொடும்" என்று, தாம் கொண்டுவந்த பயணப்பையிலிருந்து மதுவப் பொதி ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார். செய்முறையை ஒரு துண்டில் எழுதியும் தந்தார். இஞ்சி, சீனி, தேசிக்காய்ப் புளி, தண்ணீர், சிறிது மதுவம். சாடியில் இட்டுத் துணியால் வாயைக் கட்டுக. இரண்டு நாளில் வடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, உடனே அருந்துக. இவ்வாறு செய்தால் உண்டாகும் மதுசாரம் மிகச் சொற்பம் என்பதும் அதில் இருந்தது.

என் முதல் முயற்சி உயிரற்றுப் போயிற்று. கொதித்த இஞ்சி நீர் ஆறுமுன்பே மதுவத்தைக் கொட்டிவிட்டேன். மதுவம் ஓர் உயிர். அறுபது பாகை வெப்பத்தில் அது மாண்டுபோம். இரண்டு நாள் சாடியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு குமிழும் எழவில்லை. நம் பாட்டிலே ‘பிழாவில் ஆற்றி’ என்று எதற்குச் சொல்லியிருக்கிறது என்பது அன்றுதான் விளங்கிற்று. இத்தனை ஆண்டும் அதை வெறும் வருணனையாகவே நான் கருதியிருந்தேன்.

இரண்டாம் முயற்சியில் நுரை எழுந்தது. அந்த மகிழ்ச்சியில் துணியைக் கட்ட மறந்தேன். பழ ஈக்கள் மொய்த்தன. ஒருவாரம் கவனியாது விட்டதில் அது மூக்கைத் துளைக்கும் வினாகிரியாகிவிட்டது. என் மனைவியார் அதைக்கொண்டு அச்சாறு போட்டார். இன்றுவரை என் கைவண்ணத்தில் எங்கள் வீட்டார் புகழ்ந்தது அந்த ஒன்றையேயாம்.

மூன்றாவது முயற்சிக்கு வருகிறேன். வார இறுதியில் மைத்துனர் குடும்பம் வருவதாக இருந்தது. ஆறு லீற்றர் நீரில் அறுநூறு கிராம் சீனி. இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் நன்றாகப் பொங்கிற்று. இனி வடிக்கலாம். குளிர்சாதனப் பெட்டியிலோ இடமில்லை. தோழர் தந்த துண்டு என் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் என் நெஞ்சில் இருந்தது நான் மன்றத்திற் சொன்ன விளக்கம். காற்றுப் புகாது இறுக மூடினாற் கெடாது! நெல்லிரசம் வந்த முக்கால் லீற்றர்க் கண்ணாடிப் போத்தல்கள் எட்டைக் கழுவி, கழுத்துவரை நிரப்பி, மூடிகளைத் துணி சுற்றித் திருகி இறுக்கினேன். எட்டையும் குசினிச் சுவரோரம் வரிசையாக வைத்தேன். மாசி மாதம். பகலில் வெயில் கூரைத் தகட்டைச் சுட்டுக்கொண்டிருந்தது.

மதுவம் சீனியை உண்டு ஏறத்தாழச் சரிபாதியாக மதுசாரமும் காபனீரொட்சைட்டும் ஆக்குகிறது. பத்துக் கிராம் சீனியிலிருந்து இரண்டரை லீற்றருக்கு மேற்பட்ட வாயு எழும். என் போத்தல் ஒவ்வொன்றிலும் முதலில் எழுபத்தைந்து கிராம் சீனி இருந்தது. இரண்டு நாளில் பாதிக்கு மேல் செலவாகி முப்பது கிராமே எஞ்சியது என்று கொண்டாலும், எட்டு லீற்றர் அளவான வாயு, ஒரு விரலகல இடத்தில் அடைபட்டுக் கிடக்க வேண்டும். இந்தக் கணக்கை நான் போட்டது பின்னர். பத்தாம் வகுப்பு விஞ்ஞான ஆசிரியரைக் கேட்டிருந்தால் முன்னரே போட்டுத் தந்திருப்பார்.

அடைத்து இரண்டாம் இரவு, ஒரு மணி இருக்கும். முதலாவது போத்தல் வெடித்தது. ஓர் இமைப்பொழுதில் அடுத்தது. சற்று இடைவிட்டு மூன்றாவது. கண்ணாடித் துண்டுகள் தகரக் கதவிற் பட்ட ஓசை தனியே கேட்டது.

நான் விளக்கைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்தேன். என் தாயார் அங்கே, உறங்கிக்கொண்டிருந்த என் பிள்ளைகள் இருவரையும் பாயோடு இழுத்துச் சுவர் மூலையிற் போட்டு, அவர்கள்மேல் குப்புறக் கிடந்தார். இளையவனின் தலையை ஒரு கை அழுத்திப் பிடித்திருந்தது. "தலையைத் தூக்காதை, தலையைத் தூக்காதை" என்பதே அவர் வாயில் வந்த சொல். பிள்ளைகள் இருவரும் போருக்குப் பின் பிறந்தவர்கள். அப்பம்மா விளையாடுகிறார் என்று எண்ணி இளையவன் சிரித்தான். என்னைக் கண்டதும் அம்மா, "நீ ஏன் நிக்கிறாய், பங்கருக்குள்ளை போ" என்றார். அவர் கண்கள் முற்றத்தின் வடக்கு மூலையை நோக்கின. அங்கே பதுங்குகுழி இருந்தது மெய். 2011 இல் மீளக் குடியேறியபோது அதை நானே மூடினேன். இப்போது அவ்விடத்தில் வாழை நிற்கிறது.

2009 தை மாதத்தில் இந்த வீட்டைவிட்டு உடையார்கட்டு வழியாகக் கிழக்கே நடந்தோம். அவ்வாண்டு சித்திரையில் என் தந்தையாரை இழந்தோம். தந்தையார் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தில் விசுவமடுவுக்கு வந்து, எழுபதுகளில் மிளகாய் செய்து, இந்த வளவை ஆக்கியவர். வெடியோசை என் தாயாருக்கு யாது என்பதை நான் இதற்குமேல் விரிக்கப்போவதில்லை. "அம்மா, அது போத்தல், சோடாப் போத்தல்" என்று பலமுறை சொன்னேன். அவர் எழுந்திருக்க அரை மணி நேரம் சென்றது.

அதற்குள் அயலார் ரோச் விளக்குகளோடு படலையில் நின்றனர். குப்பை எரித்தபோது மண்ணுள் கிடந்த ஏதேனும் வெடித்ததோ என்பதே எல்லார் ஐயமும். எங்கள் பகுதியில் அஃது இயல்பான ஐயந்தான். உண்மையைச் சொல்ல எனக்கு நாவெழவில்லை. சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

விடிந்ததும் குசினிக் கதவைத் திறக்கவே அச்சம். எஞ்சிய ஐந்து போத்தல்களும் உள்ளே நின்றன. அப்பொழுது படலையில் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, உள்ளே வராமலே, "சேர்" என்று கூப்பிட்டார். எங்கள் பகுதியிற் கள் இறக்கும் தொழில் செய்பவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வேலிக்கு ஓலை வெட்டித்தர ஆண்டுதோறும் வருபவர். ஓலையை இறக்கிவிட்டு, படலைக்கு வெளியே நின்றே கூலியைப் பெற்றுக்கொண்டு போவது வழக்கம். அந்த வழக்கத்தை நான் ஏற்படுத்தவில்லை, ஆயினும் மாற்றவுமில்லை.

"சேர், இறுக்கி மூடினனீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை."

"அது மூச்சு விடுற சாமான் சேர். மூடக் கூடாது. மிச்சம் எத்தினை கிடக்கு?"

இரண்டு சணற் சாக்குகளைக் கிணற்று நீரில் நனைக்கச் சொன்னார். குளிர்ந்தால் வேகம் தணியும் என்றார். என்னை அப்பால் நிறுத்திவிட்டு, ஈரச் சாக்கைத் தடிப்பாக மடித்து முன்னே பிடித்துக்கொண்டு உள்ளே போய், ஒவ்வொரு போத்தலையும் மூடி, நீர் ஊற்றி, ஒரு மணி நேரம் பொறுத்து, சாக்கின் உள்ளே கைவிட்டு மூடியை மயிரிழை மயிரிழையாகத் தளர்த்தினார். ஐந்தும் சீறின. ஒன்றும் உடையவில்லை. இன்று எண்ணினால் அவரை நான் உள்ளே போகவிட்டிருக்கக் கூடாது. அன்று அவர் என்னைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

வேலை முடிந்ததும் அவர் படலையை நோக்கி நடந்தார். நான் கதிரையைக் காட்டி, இருந்து தேநீர் அருந்திப் போகுமாறு கேட்டேன். சற்றுத் தயங்கி விளிம்பில் அமர்ந்தார். அம்மாவே தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். விருந்தினருக்கு எடுக்கும் பீங்கான் கோப்பையிற் கொடுத்தார் என்பதை நான் கவனித்தேன், அவரும் கவனித்திருப்பார். பேச்சு வாக்கில், "என்ரை மகன் உங்களட்டைத்தான் தமிழ் படிக்கிறான் சேர்" என்றார்.

மகன் யாரென்று கேட்டேன். மன்றத்தில் எழுந்து, வெடிக்காதோ என்று வினவிய அதே பையன்.

அன்று பின்னேரம் பழைய கட்டுரைக் கொப்பிகளைத் தேடி எடுத்தேன். ‘என் தந்தை’ என்ற தலைப்பில் அவன் எழுதிய கட்டுரைக்கு இருபதுக்குப் பதினேழு புள்ளி இட்டிருந்தேன். தந்தை ஒரு விவசாயி; வைகறையில் எழுந்து வயலுக்குச் செல்கிறார்; ஏர் பிடிக்கிறார். நடை நன்று என்று ஓரத்திற் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். வைகறையில் எழுவது மட்டுமே அதில் மெய். தன் வீட்டில் நாள்தோறும் கண்டறிந்த ஒன்றைத்தான் அவன் அன்று மன்றத்திற் கேட்டான். எவ்வாறு அறிவாய் என்று யாராவது திருப்பிக் கேட்டிருந்தால் சொல்ல வேண்டியிருக்கும் என்ற அச்சத்தோடும் கேட்டான். அவனை இரும் என்றவன் நான்.

அடுத்த பாடவேளையில் வகுப்பில் ஒன்று சொன்னேன்: வல்வாய் என்பதற்கு முன்பு நான் தந்த விளக்கம் பிழை; வலிய வாய் வேறு, மூடிய வாய் வேறு; கனத்த விளிம்புடைய சாடி என்று கொள்க; அன்று வினவியவரின் ஐயமே சரியானது. அவன் தந்தையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அது சொல்லப்பட வேண்டுமானால் சொல்ல வேண்டியவன் நான் அல்லன்.

ரொறன்ரோத் தோழருக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். அவர் தம் கழகத்தில் மூடி தெறிக்காதவர் ஒருவருமில்லை என்று தேற்றினார். வாயு வெளியேறவும் காற்று உட்புகாமலும் இருக்க நீர் நிறைந்த ஒரு வளைகுழாயைச் சாடியின் வாயிற் பொருத்துவார்களாம். ஒன்று அனுப்பிவைப்பதாகச் சொன்னார். "இனித் தனியாகச் செய்யாதேயும், தெரிந்தவர்களோடு சேரும்" என்றும் சொன்னார். தெரிந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

வடக்கில் எழுபதுகளின் தொடக்கம்வரை தவறணைகளைக் குத்தகைக்கு எடுத்தவர்களே கள்ளின் ஊதியத்தை அள்ளினர். மரம் ஏறியவர் கூலியாளாயிருந்தார். அதன்பின் தொழிலாளர்களுக்கெனப் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. பனை அபிவிருத்திச் சபை 1978 இல் நிறுவப்பட்டது. எங்கள் பகுதிச் சங்கத்துக்கு ஓர் அறையும் முன்விறாந்தையும் உண்டு. விறாந்தையில் நீண்ட வாங்கு ஒன்று. முதல்முறை அவரோடு அங்கே போனபோது பேச்சு நின்றுபோயிற்று. வாத்தியார் எதற்கு வந்தார்? மூன்றாம் முறை போனபோது யாரோ ஒதுங்கி இடம் விட்டார்.

அங்கே கற்றவற்றை எழுதினால் மலர் கொள்ளாது. பாளையை நாளொரு முறை சீவிவிட்டால் நீர் தானே சொட்டும் என்று நான் எண்ணியிருந்தேன். பாளையை இழைத்துக் கட்டி, பல நாள் பதமாக நசுக்கித் தட்டிய பின்னரே அது இளகும். காலையும் மாலையும் ஏறி மெல்லிய இதழாகச் சீவவேண்டும். ஒரு நாள் தவறினால் பாளை அடைத்துக்கொள்ளும். திருவிழா, காய்ச்சல், மழை என்று இருக்க முடியாது. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் நீர் நொதிக்காமல் கருப்பணியாக இறங்கும். தடவாவிட்டால் மரத்திலிருந்து இறக்குமுன்பே கள்ளாகத் தொடங்கிவிடும். மதுவம் யாரும் இடுவதில்லை. காற்றிலும் பாளையிலும் பழகிய முட்டியின் சுவரிலும் அது இருக்கிறது. மறுநாள் அது புளிக்கும். மேலும் விட்டால் வினாகிரி. ஒரே நீர் சுண்ணாம்பாலும் நேரத்தாலும் மூன்று பொருளாகிறது. 1857 இல் லூயி பாஸ்ரர் நொதித்தல் உயிர்களின் தொழில் என்று எழுதினார். முட்டி கழுவும் கையிடம் கேட்டிருந்தால் அதன் பெயரைத்தான் அது அறிந்திராது, நடத்தையை அறிந்திருக்கும்.

என் சாடியைப் பார்த்த முதியவர் ஒருவர், மூக்கை வைத்த மாத்திரத்தில், "கழுவின துணி சவர்க்கார மணம், பிள்ளை" என்றார். மெய்தான். ரொறன்ரோவின் இருபது பேரும் கூடினாலும் அதைக் கண்டிருப்பரோ என்பது ஐயம்.

நான் அங்கே கருப்பணியே அருந்துவேன். மாங்காய்த் துண்டைக் கடித்துக்கொண்டு. அதற்குக் கைமாறாக ஒரு வேலையையும் ஏற்றேன். சங்கத்துக்கு வரும் கடிதங்களை வாசித்துப் பொருள் சொல்வது, போகவேண்டிய கடிதங்களை எழுதுவது. அலுவலகத் தமிழ் சங்க இலக்கியத்தினும் கடினமானது என்பதை அங்கேதான் கண்டேன். முதலில் எழுதியது, மரத்தால் விழுந்து இடுப்பு முறிந்த உறுப்பினர் ஒருவருக்கு உதவிப்பணம் கேட்கும் விண்ணப்பம். நான்கு முறை எழுத வேண்டியிருந்தது. ஐந்தாம் மாதத்தில் பணம் வந்தது. கேட்டதில் பாதி.

வாத்தியார் தவறணைப் பக்கம் போகத் தொடங்கிவிட்டார் என்ற கதை ஊரில் உலவாமல் இருக்குமா? பெற்றோர் ஒருவர் என் முகத்தருகே வந்து மூச்சை முகர்ந்து பார்க்கும் தோரணையிற் பேசினார். மனைவியாருக்கு மனத்தாங்கல். ஒரு மாதம் போகாமல் இருந்தும் பார்த்தேன். படலைக்கு வெளியே நின்று கூலி வாங்கியவரின் நினைவு வந்தது, மறுபடியும் போனேன். மாதத்தின் கடைசி ஞாயிறு இன்றும் அந்த வாங்கில் எனக்கு ஓரிடம் உண்டு.

2024 பங்குனியில் தமிழ் மன்றத்தின் ஆண்டிறுதிக் கூட்டம். பத்துப்பாட்டிற் புழங்குபொருள்கள் என்ற தலைப்பில் மாணவர்களே பேசுவதாக ஏற்பாடு. அந்தப் பையன் பெயர் கொடுத்திருந்தான். ‘பிழா’ என்பது அவன் எடுத்த பொருள். அகராதிகள் தரும் பொருளை முதலிற் சொன்னான். பின் தன் பையிலிருந்து பச்சைப் பனையோலையால் மடித்துக் கட்டிய ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். நம்மவர் கூழும் கள்ளும் அருந்தும் பிளா. ஏட்டில் உள்ள பிழாவும் நம் கையில் உள்ள பிளாவும் ஒன்றென்பது தன் கருத்து என்றான். என் கருத்தும் அதுவே. உருவம் காலத்தில் மாறியிருக்கலாம். அவையில் ஒருவன், "எங்கையடா வாங்கினாய்?" என்று கேட்டான்.

அவன் சற்று நின்றான். என்னைப் பார்த்தான், நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாங்கேல்லை. அப்பா கட்டித் தந்தவர். அவர் சீவல் தொழில் செய்யிறவர்" என்றான். பிறகு பிழாவில் களியை ஆற்றுவது ஏன், சூட்டில் மதுவம் எவ்வாறு மடியும், வல்வாய் ஏன் மூடிய வாய் ஆகாது என்று பத்து நிமிடம் பேசினான். எனக்குத் தெரியாதவை இரண்டு அதில் இருந்தன.

கூட்டம் முடிந்து அவன் பிளாவைத் திருப்பி எடுத்துச் செல்லவில்லை; என் மேசையிலேயே விட்டுவிட்டான். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, கட்டு நல்ல கட்டு என்றார். அன்று இரவு ஒடியற்கூழ் காய்ச்சச் செய்து, பிள்ளைகளுக்குக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, தாம் அதில் அருந்தினார். ஓலை காய்ந்து விளிம்பு பிளக்கும்வரை நான்கைந்து நாள் அது பயன்பட்டது.

இஞ்சிப் பியர் இப்போதும் செய்கிறேன். துணி கட்டிய சாடியில், கிணற்றடிக் கொட்டிலில், குறைந்த அளவில். பிள்ளைகள் விரும்பிக் குடிக்கின்றனர். அம்மா மட்டும், இரவு பாயைத் தட்டிப் போடுமுன், "இண்டைக்குப் போத்தில் ஏதும் கிடக்கோ?" என்று என்னைக் கேட்டுவிட்டே படுக்கிறார்.